காயாத படம்

ஜூலை 3, புதன்

தேவசகாயத்தின் மகள் ஜாஸ்மின் ஆட்டோவில் வந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனாள். தேவா இறந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டைக் காலி செய்கிறார்கள்.

"பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசு வரல மாமா. உங்களுக்குத்தான் இதுல கைப்பழக்கம்னு அம்மா சொன்னாவ."

தேவா எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். நான் திருநெல்வேலி நிருபர். அவர் ஊரில் இல்லாத நாட்களில் இருட்டறையில் நானே பிலிம் கழுவியிருக்கிறேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாக அந்த வாடை இல்லாமல் இருந்தேன்.

முதல் பெட்டியில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், மூன்று தட்டுகள், பிலிம் கழுவும் டாங்க், சிவப்பு பல்ப். இரண்டாவதில் கழுவாத பிலிம் சுருள்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. எல்லாம் கறுப்பு வெள்ளை. பத்து சுருள் அவருடைய சொந்தப் படங்களாக இருக்கும். ஒன்றில் 14.8.96 என்று இருக்கிறது. மறந்திருப்பார்.

ஜூலை 6, சனி

மாடிக் குளியலறையை இருட்டறையாக்கினேன். ஜன்னலுக்கும் கதவிடுக்குக்கும் கறுப்புத் துணி. என் மனைவி உலகு படியேறி வந்து பார்த்தாள்.

"குளிக்கிற இடத்துல கறுப்புத் துணியத் தொங்கவிட்டிருக்கிய. வாரவங்க பாத்தா மந்திரவாதி வீடுன்னுல நினைப்பாவ."

"யாரு குளியலறையைப் பாக்க வாரா?"

"ஃபிரிட்ஜில இருந்த ஐஸ் எல்லாம் எங்க?"

ஐஸ் டெவலப்பர் மருந்துப் பாத்திரத்தைச் சுற்றி இருந்தது. மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டைக் குழாய்த் தண்ணீர் முப்பத்தொன்று.

ஜூலை 9, செவ்வாய்

நான்கு சுருள் கழுவியாயிற்று. முதல் சுருளைச் சரியாகச் சுற்றாததால் இரண்டு படம் ஒட்டிக்கொண்டது. மற்றவை நன்றாக வந்தன. ஜாஸ்மினின் ஞானஸ்நானம். தேவாவின் மனைவி வெங்காயம் உரித்தபடி கண்ணைத் துடைக்கிறார். மழையில் நனையும் ஒரு சைக்கிள்.

கூடத்துச் சுவரில் ஆணிக்கு ஆணி சணல் கட்டி, துணிக் கிளிப் போட்டுப் பிரதிகளைத் தொங்கவிட்டேன். இப்போது கிடைக்கும் தாள் பிளாஸ்டிக் பூச்சு உள்ளது. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. உலகுக்கு வெங்காயப் படம் பிடித்துவிட்டது. சட்டம் போடச் சொல்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் ஆவுடையம்மாள் இட்லி மாவு கொண்டுவந்தாள். பன்னிரண்டு வருடமாக அவளிடம்தான் மாவு வாங்குகிறோம். அடுத்த தெரு. சுவரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, துணி காயப்போட்ட மாதிரி ஆளுகளக் காயப்போட்டிருக்கிய?"

உலகு சிரித்தாள். ஆவுடையம்மாளும் சிரித்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் ஆடி அமாவாசை. எம் மவன் கேக்கான், 'எல்லாவனும் அப்பனுக்கு எள்ளுந்தண்ணியும் விடுதான், நான் என்னம்மா செய்ய'ன்னு. உசிரோட இருக்கவனுக்கு விட முடியுமா? எந்த ஊர்ல எவ பின்னால திரியுதானோ, விளங்காமப் போவான். அண்ணாச்சி மட்டும் அன்னைக்குப் பேப்பர்ல போடலேன்னா, செத்துட்டான்னுல நினைச்சு அழுதிருப்பேன்."

ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி. புருஷன் கொம்பையா காணாமல் போய் இருபத்தெட்டு வருடம். தினமும் ஒரு தடவையாவது அவனைத் திட்டாமல் எங்கள் வீட்டுப் படி இறங்கமாட்டாள்.

நான் மாடிக்குப் போய்விட்டேன். ஹைப்போ மருந்து கலக்க வேண்டியிருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

பத்து சுருளும் முடிந்தது. ஒன்று பாக்கி.

ஜூலை 17, புதன்

வெயில் அதிகம். கழுவவில்லை.

ஜூலை 18, வியாழன்

கழுவவில்லை.

ஜூலை 20, சனி

பதினோராவது சுருள். மருந்து இருபது டிகிரி. இத்தனை வருடம் கழித்துக் கழுவுவதால் மூன்று நிமிடம் கூடுதல்.

1996 ஆடி அமாவாசை. செவலாறு அணையில், அக்கரைக் கோயிலுக்குப் போன படகு கவிழ்ந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். இருபத்திரண்டு பேரைக் காப்பாற்றினார்கள். நானும் தேவாவும் மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையோடு நுழையக் கூடாது. அதனால் இக்கரையிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படகேறியிருந்தார்கள். நாங்கள் போனபோது படித்துறையில் சட்டைகள் குவியலாகக் கிடந்தன.

தேவா அன்று மூன்று சுருள் எடுத்தார். இரண்டைக் கழுவி அச்சுக்கு அனுப்பினோம். மூன்றாவது இது.

முப்பத்தாறு படங்களும் இருக்கின்றன. மங்கல்தான், ஆனால் பார்க்கலாம். ஆறு படங்களைப் பிரதி எடுத்தேன். இருபத்திரண்டாவது படத்தில் ஒரு ஆள் மற்றவர்களிடமிருந்து தள்ளி மணலில் கிடக்கிறான். மேல்சட்டை இல்லை. வயது முப்பது இருக்கலாம். முகம் கேமரா பக்கம் திரும்பியிருக்கிறது. கண் மூடியிருக்கிறது.

வழக்கமாகத் தட்டில் கறுப்பான இடங்கள்தான் முதலில் எழும்பும். இதில் அந்த முகம் முதலில் வந்தது. வெகு நேரம் முகம் மட்டும்தான் இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

ஐந்து பிரதிகள் காய்ந்துவிட்டன. இருபத்திரண்டாவது படம் காயவில்லை. கடைசியாகக் கழுவியது. தண்ணீர் வடியாமல் மாட்டியிருப்பேன்.

ஜூலை 22, திங்கள்

இன்னும் ஈரம். கீழ் ஓரத்தில் துளி கட்டி விழுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நான்கு நிமிடத்துக்கு ஒரு துளி. இரண்டு பக்கத்துப் பிரதிகளும் மொடமொடவென்று இருக்கின்றன. மின்விசிறிக்கு நேர் கீழே மாற்றினேன்.

உலகு வந்து நின்று பார்த்தாள்.

"இது யாரு?"

"தெரியாது. விபத்துல செத்தவன்."

"பேரு தெரியாத செத்தவரைக் கூடத்துல மாட்டி வச்சிருக்கிய. கழட்டுங்க. இல்லேன்னா பேரைக் கேட்டு வந்து, சந்தனம் வச்சு, மாலை போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

கழற்றிக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் குப்பை வாளியைத் தூக்கினால் கனத்தது. அடியில் தண்ணீர். தம்ளரில் ஊற்றி அளந்தேன். முக்கால் தம்ளர். வாசனை குழாய்த் தண்ணீருடையதும் இல்லை, ஹைப்போவுடையதும் இல்லை. பாசி.

அதே படத்தை மறுபடியும் பிரதி எடுத்தேன். புதிய தாள், புதிய மருந்து. ஒரு மணி நேரம் கழுவி, ரப்பர் பட்டையால் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு மாட்டினேன்.

ஜூலை 24, புதன்

காயவில்லை. பின்னால் சுவரில் ஈரம் கண்டிருக்கிறது. ஒரு ஆள் மார்பகலம்.

ஜூலை 25, வியாழன்

மதியம் மூன்று மணி. நான் இருட்டறையில் இருந்தேன். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது. உலகு யாருடனோ பேசினாள். இறங்கி வந்தபோது பீரோவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்தது?"

"யாரோ ஒரு பையன். முப்பது வயசு இருக்கும். மேல சட்டையில்ல. 'ஒரு சட்டை இருந்தாக் குடுங்கம்மா'ன்னான். உங்க நீலச் சட்டையக் குடுத்துட்டேன், காலர் கிழிஞ்சுதான இருந்துது."

"குடிகாரனா?"

"சேச்சே. மரியாதையாப் பேசுதான். குளிச்சு எந்திரிச்சவன் மாதிரி தலையெல்லாம் சொட்டுது. உள்ள வந்து துடைச்சுக்கோன்னேன். 'தரையெல்லாம் நனைஞ்சிரும்மா'ன்னுட்டு அங்கனயே நிக்கான்."

"சட்டையைக் கேட்டானா? சட்டைதான் வேணும்னானா?"

"ஆமா. ஏன், அது உங்களுக்கு வேணுமா?"

அவளிடம் நான் சட்டை விஷயத்தைச் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. தேவாவுக்குத் தெரியும். தேவா இல்லை.

ஜூலை 26, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அன்று உயிர் பிழைத்தவர்களை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். படுக்கை படுக்கையாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதினேன். ஒருவருக்குப் பேச்சு வரவில்லை. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை, காய்ந்த சட்டை. சட்டைப் பையில் லாரி செட்டில் வேலை செய்பவருக்கான அடையாளப் பாஸ் இருந்தது. கொம்பையா, மேலப்பாளையம் என்று போட்டிருந்தது. படம் கிடையாது. நான் அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன். மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குப் பட்டியலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

நனைந்த மனிதன் உடம்பில் காய்ந்த சட்டை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. படித்துறைக் குவியலிலிருந்து யாரோ ஒரு நல்லவர் கைக்கு அகப்பட்டதை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை, உயிர் பிழைத்தோர் பட்டியலில் பதினாலாவது பெயர் கொம்பையா. மாவட்டத்திலேயே எங்கள் பட்டியல்தான் முதலில் வந்தது. ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகையிலும் அதைத்தான் வெட்டி ஒட்டினார்கள். செய்தி ஆசிரியர் போன் பண்ணிப் பாராட்டினார்.

அந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் கடையத்துக்காரர் என்பது பிறகு தெரிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

உலகு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். பூட்டைத் திறந்தால் கூடத்தில் ஈரக் காலடி. வாசலிலிருந்து சுவர் வரைக்கும் பதினொன்று. வெறுங்கால்.

வந்த தடம் இருக்கிறது. திரும்பிப் போன தடம் இல்லை.

துடைத்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் "பிறகு தெரிந்தது" என்று எழுதியிருக்கிறேன். ஒரு செய்தியில் அப்படி எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன். பிறகு என்றால் எப்போது?

1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஆஸ்பத்திரி உதவியாளர் சொன்னார். பேச்சு வந்துவிட்டது, பெயர் வேறு, ஊர் கடையம், சட்டை தன்னுடையது இல்லை என்கிறார்.

அப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சவக்கிடங்கில், அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது என்று ஓர் உடல் இருந்தது. பதினேழு பேரில் பதினாறு பேரை ஆள் வந்து அடையாளம் காட்டி வாங்கிப் போயிருந்தார்கள். இந்த ஒருவனைத் தேடி யாரும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? பேப்பரில் உயிரோடு இருக்கிறான் என்று வந்திருக்கிறது. அந்த உடலைப் புதைத்தது 17ஆம் தேதி சாயங்காலம்.

எனக்கு ஒன்றரை நாள் இருந்தது.

அதே 16ஆம் தேதி பதினோரு மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன். கையில் எங்கள் பேப்பர். "இந்த ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன் சார், அவுக அங்க இல்லயே" என்றாள். நான் சொன்னேன், "டிஸ்சார்ஜ் ஆகிட்டாராம்மா. வீட்டுக்கு வந்துருவாரு."

அவன் ஓடிப்போனான் என்ற பேச்சுக்கு அந்த வாக்கியம்தான் ஆரம்பம். ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவில்லை என்றால், ஊர் என்ன சொல்லும்?

மூன்றாவது சுருளைக் கழுவினால் முகம் தெரியும் என்று தேவா சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. அவர் மறக்கவில்லை. தேதி எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலை 31, புதன்

ஆவுடையம்மாள் மாவு கொண்டுவந்தாள். அவள் குரல் கேட்டதும் நான் பிரதியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் பேசி முடிக்கும் வரை நெஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, வேர்த்து ஊத்துது? டாக்டரப் பாருங்க."

ஆகஸ்ட் 1, வியாழன்

உலகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"வந்தவன் அவன்தானா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை அமாவாசை. அதுக்குள்ள நீங்க அவகிட்டச் சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா உங்களுக்கு அசிங்கம்."

இரவு சாப்பாடு வைக்கும்போது மூன்று தட்டு எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சொல்லவில்லை. அவள் அவசரமாகப் போய்விட்டாள்.

அவள் அவசரமாகப் போகவில்லை. நான் மாடியில் இருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

காலை ஏழேகால். ஆவுடையம்மாளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உலகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். பிரதியை ஒரு தட்டில் வைத்து ஆவுடையம்மாளிடம் நீட்டினேன். வேறு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அவள் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். தாளில் ஒரு விரலை வைத்து, அந்த ஈரத்தை விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

சொன்னேன். தேதி, மணி, சட்டை, பாஸ், பட்டியல், ஒன்பதரை மணி, பதினோரு மணி, புதைத்த இடம். எதையும் விடவில்லை. அவளை அன்று நான் அனுப்பிவைத்த வாக்கியத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆனது.

"மூணு நாளு கிடந்துச்சா?"

"ஆமாம்மா."

"அந்த ஆஸ்பத்திரியிலயா? நான் போன ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயா?"

"ஆமா."

"நான் வாசல்லயே நின்னு அந்த நர்சுகிட்டச் சண்டை போட்டேன், எம் புருசன எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்கியன்னு." அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சேலை நனைந்தது. நகர்த்தவில்லை. "உள்ள கிடந்து கேட்டிருப்பாவளோ?"

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவனை மரியாதையாகச் சொன்னாள்.

உலகுதான் முதலில் அழுதாள். ஆவுடையம்மாள் அழவில்லை.

"மாவு கரைக்கையில திட்டுவேன் அண்ணாச்சி. ஆட்டுக்கல்லு ஓடுத ஓட்டத்துக்குத் திட்டுவேன். எம் மவன் பரிச்சையில தோத்தப்போ திட்டினேன், அப்பன் புத்தின்னு. என்னை ஒருத்தன் கட்டிக்கிடுதேன்னு வந்தான், நல்ல மனுசன். புருசன் உசிரோட இருக்கும்போது எப்படின்னு அவனைத் தொரத்திட்டு, அதுக்கும் இவுகளத்தான் திட்டினேன். அந்த வேகத்துலதான் இத்தன நாளும் ஓடியிருக்கேன். இனி நான் யாரைத் திட்ட?"

அவள் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"என்னைத் திட்டும்மா" என்றேன்.

"நீங்க சொல்லி நான் செய்யணுமா?" என்றாள். எழுந்தாள். படத்தை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஆத்துக்குப் போவணும். அய்யரு செத்த தேதி கேப்பாரு. நீங்க வந்து உங்க வாயால சொல்லணும். அதுக்குப் பொறவு திங்கக்கிழமையில இருந்து, காலையில ஏழு மணிக்கு மாவு கொண்டாரும்போது, நீங்க வாசல்ல நிக்கணும். மாடிக்குப் போவக் கூடாது."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வண்ணார்பேட்டைப் படித்துறை. நல்ல கூட்டம். அவள் மகன் வேலாயுதம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். முப்பது வயது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இருபத்திரண்டாவது படத்தில் பார்த்த முகம்.

ஐயர் தேதி கேட்டார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, ஆகஸ்ட் பதினாலு, ஆடி அமாவாசை" என்றேன். "இத்தன வருசம் ஏன் செய்யல?" என்று வேலாயுதத்திடம் கேட்டார். அதற்கும் நானே பதில் சொன்னேன். பக்கத்தில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயுதம் பார்க்கவில்லை. எள்ளும் தண்ணீரும் விட்டான். கடைசியில் எழுந்து, ஈரத்தோடு என்னைத் தாண்டிப் போகையில், "வழி விடுங்க" என்று மட்டும் சொன்னான்.

ஆவுடையம்மாள் ஆற்றில் இறங்கி முழுகி எழுந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆறே முக்காலுக்கே வாசலில் போய் நின்றேன். உலகு கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

சரியாக ஏழுக்கு வந்தாள். தூக்குச்சட்டியைப் படியில் வைத்தாள். ஆரம்பித்தாள்.

முப்பத்தொரு வருடம் பிறர் பேச்சைக் கேட்டு எழுதியவன் நான். அவள் சொன்னதில் பாதிக்கு மேல் அச்சில் போட முடியாது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. பால்காரர் வண்டியை நிறுத்தினார். பட்டியல் போட்ட என் கையைச் சொன்னாள். டிஸ்சார்ஜ் என்ற வாயைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடந்தும் ஒரு குரல் கொடுக்கத் தெரியாத வாயைச் சொன்னாள். அக்கரைக்குப் போகாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத காதைச் சொன்னாள். நான் அக்கரைக்குப் போகவில்லை. எனக்கு அங்கே போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கண் என் மேல் கொஞ்ச நேரம், என் வலது தோளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. என்னைவிட நாலு விரல் உயரத்தில்.

பதினெட்டு நிமிடம். பிறகு மூச்சு வாங்கினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்துவிட்டது.

"இன்னைக்கு இது போதும். ரெண்டு பேரும் உள்ள போங்க. வெயில் ஏறுது."

என் பக்கத்தில் யாரும் இல்லை. நான் படியில் ஒதுங்கி வழி விட்டு, கொஞ்சம் காத்திருந்து, அப்புறம் உள்ளே போனேன்.